இலஞ்சியில் பச்சையை அளந்தோம்!

குற்றாலம் என்றால் அருவி. தென்காசி என்றால் வானளாவிய கோபுரம். இந்த இரண்டுக்கும் நடுவே, பஸ் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு நம்மில் பலரும் கடந்து போய்விடுகிற ஊர் ஒன்று உண்டு. அதுதான் இலஞ்சி. சிற்றாற்றங்கரையில் வள்ளி, தெய்வானையோடு குமரன் குடிகொண்ட ஊர். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மேற்கே பார்த்தால் மேகத்தைப் போர்த்திக்கொண்டு குற்றால மலை.

ஊரின் பெயரே ஒரு விசேஷம். இலஞ்சி என்ற சொல்லுக்கு மகிழ மரம் என்று பொருள் உண்டு. நீர் நிறைந்த பொய்கை என்றும் பொருள் உண்டு. மரத்தையும் தண்ணீரையும் ஒரே சொல்லுக்குள் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் நம் முன்னோர்!

அருவியில் குளித்தது, அல்வா வாங்கியது என்று பிரயாணக் கதை சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே. இந்தத் தடவை நாங்கள் இலஞ்சிக்குப் போனபோது செய்த காரியமே வேறு. ஊரின் பச்சையை அளந்தோம்! அரிசியைப் படியால் அளக்கலாம், துணியை முழம் போட்டு அளக்கலாம். பச்சையை எப்படி அளப்பது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு மரம், இரண்டு அறை

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் சென்னை மாம்பலத்தில் குடித்தனம் செய்தாயிற்று. இனிமேல் சொந்த ஊரான இலஞ்சிக்கே போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே பூர்வீக வீட்டில் அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், குடும்பத்தோடு இருக்கிறாள். வீட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு. எங்களுக்கென்று முன்வாசல் பக்கம் ஓர் அறை, பக்கத்திலேயே ஒரு தனி அடுக்களை என்று திட்டம். தனி அடுக்களை வேண்டும் என்பது என் கட்சி, அதை மறைப்பானேன்?

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "முன்னால நிக்குத மகிழ மரத்தை எடுக்கணும்."

என் மாமியார் வைத்த மரம் அது. நாத்தனார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மதினி, நீங்களும் அண்ணனும் என்ன முடிவு பண்ணினாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா வெட்டுத அன்னைக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றாள்.

என் கணவருக்கோ அது பெரிய விஷயமாகவே படவில்லை. "ஊர் பூராவும் பச்சைதானே! ஒரு மரம் போனால் என்ன குறைஞ்சு போகும்?" என்றார்.

அப்போதுதான் நாத்தனார் மகள் குறுக்கிட்டாள். நகரமைப்புப் படிப்பு படிக்கிற பெண். "மாமா, ஊர் பூரா பச்சைன்னு சொல்லுதிய. எந்தப் பச்சை? எவ்வளவு பச்சை? தென்காசியையும் குற்றாலத்தையும் நம்ம ஊரையும் பக்கத்துல வச்சு அளந்து பாத்துருவோமா?" என்றாள். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஆவணி மாதம். வேறு வேலை? சரி என்று உட்கார்ந்துவிட்டோம்.

வானத்திலிருந்து பார்த்தால்

லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சொன்ன பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

இலையில் இருக்கும் பச்சையம் சூரிய ஒளியில் சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது. அதை வைத்துத்தான் தன் சமையலையே செய்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு என்றொரு ஒளி இருக்கிறது. அது இலைக்கு வேண்டாம். பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக, ஓர் இடத்திலிருந்து சிவப்பு குறைவாகவும் அகச்சிவப்பு அதிகமாகவும் திரும்பி வந்தால் அங்கே இலை இருக்கிறது என்று அர்த்தம். மண்ணும் சிமெண்டும் இந்த இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் திருப்பி அனுப்பும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி. இரண்டையும் கூட்டின தொகையால் வகு. உதாரணமாக, அகச்சிவப்பு 50, சிவப்பு 10 என்று வைத்துக்கொண்டால், 40-ஐ 60-ஆல் வகுக்க 0.67 வரும். அது நல்ல மரக்கூட்டம். அகச்சிவப்பு 30, சிவப்பு 25 என்றால் 5-ஐ 55-ஆல் வகுக்க 0.09. அது மொட்டைத் தரை. தண்ணீராக இருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும்.

"கழிச்சா போதாதா, எதுக்கு வகுக்கணும்?" என்று கேட்டேன். "நல்ல வெயில்ல எடுத்த படமும் இருக்கும், மலை நிழல் விழுந்த இடமும் இருக்கும் அத்தை. மொத்த வெளிச்சத்தால வகுத்தாத்தான் ரெண்டையும் ஒரே தராசுல வைக்கலாம்" என்றாள். நாலு பேருக்கும் நாற்பது பேருக்கும் சாம்பார் வைக்கும்போது பருப்பையும் புளியையும் விகிதம் பார்த்துப் போடுகிறோமே, அந்த மாதிரி!

இப்படி பூமியைப் படம் பிடிக்க அமெரிக்கா தன் முதல் லேண்ட்சாட் துணைக்கோளை 1972-ல் அனுப்பியது. நம் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். தொலையுணர்வு வரிசையில் முதல் துணைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988-ல் பறந்தது. ஐரோப்பியர்கள் 2015 முதல் அனுப்பியுள்ள சென்டினல்-2 துணைக்கோள்களின் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதாவது எங்கள் வீட்டு முற்றமும் முன்வாசலும் மகிழ மரமும் எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடக்கம்!

எல்லைக்கோட்டில் இருக்கிறது சூட்சுமம்

பெரிய நகரங்களை இப்படி ஒப்பிட்டு ஏற்கெனவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் தன் 2021-ம் வருஷ அறிக்கையில் ஏழு மாநகரங்களை எடுத்துக்கொண்டது. நகரப் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வனப்போர்வை என்று பார்த்தால், மும்பைக்கு 25.43, ஐதராபாத்துக்கு 12.90, டில்லிக்கு 12.61, பெங்களூருக்கு 6.81, நம் சென்னைக்கு 5.28, ஆமதாபாத்துக்கு 2.07, கல்கத்தாவுக்கு 0.95. 2011-லிருந்து பத்து வருஷத்தில் ஐதராபாத் 33.15 சதுர கிலோமீட்டரிலிருந்து 81.81-க்கு ஏறியிருக்கிறது. ஆமதாபாத் 17.96-லிருந்து 9.41-க்கு இறங்கியிருக்கிறது. சென்னை 18.02-லிருந்து 22.70.

மும்பை இத்தனை பச்சையா என்று ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. விஷயம் இதுதான். மும்பையின் எல்லைக்கோட்டுக்குள் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்ற பெருங்காட்டின் ஒரு பகுதி அடங்கிவிடுகிறது. அது கணக்கை உயர்த்திவிடும். ஆனால் தாதர் மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நிற்கிற பெண்ணின் தலைக்கு அந்தக் காடு நிழல் தருமா? நம் ஊரிலும் அதே கதைதான். சென்னைக்குள் 2.70 சதுர கிலோமீட்டர் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது; கணக்கில் அது உண்டு. ரங்கநாதன் தெருவில் புடவை எடுக்கப் போகிறவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த அறிக்கையின் வரையறைப்படி ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குக் குறையாத இடத்தில், பத்து சதவீதமாவது மரக்கிளை கவிந்திருந்தால்தான் அது வனப்போர்வை. அது யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. தென்னந்தோப்பும் அதில் சேரும். வாசலில் தனியாக நிற்கிற வேப்பமரம் சேராது. சிறு மரக்கூட்டங்களுக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

வானத்திலிருந்து பார்க்காமல் தெருவில் நடக்கிறவரின் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்றும் சிலர் யோசித்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக் கூடத்தினர் 2016 முதல், கூகுள் எடுத்து வைத்திருக்கும் தெருப் படங்களில் மரப் பச்சை எத்தனை பங்கு என்று ஊர் ஊராகக் கணக்கிட்டார்கள். சிங்கப்பூருக்கு 29.3 சதவீதம். அழகு நகரம் என்று பேர் பெற்ற பாரிசுக்கு வெறும் 8.8! பாரிசில் பூங்கா இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு தெருவை மட்டும்தான் பார்க்கும்.

ஆகவே இரண்டு ஊர்களை ஒப்பிடுவதென்றால் ஒரே அளவு எல்லை, ஒரே பருவம், ஒரே அளவுகோல் வேண்டும். இல்லாவிட்டால் பெரிய படியால் அளந்ததையும் சின்னப் படியால் அளந்ததையும் ஒன்றாகச் சொல்கிற கதையாகிவிடும்.

ஊருக்கு நடு எது?

"நகரத்து மையம்னு எதை வச்சுக்கிடலாம்?" என்று யோசித்தாள் பெண். இதற்கு எதற்கு யோசனை? நம் ஊர்களுக்கு நடு, கோவில்தானே! தென்காசிக்குக் காசி விசுவநாதர் கோவில். குற்றாலத்துக்குக் குற்றாலநாதர் கோவில். இலஞ்சிக்குக் குமரன் கோவில். மூன்றையும் மையமாக வைத்து அரை கிலோமீட்டர் வட்டம் போட்டுக்கொண்டோம்.

வானத்துக்குத் துணைக்கோள். தரைக்கு? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. காட்டில் மரநிழல் எத்தனை என்று அளக்க, கட்டம் போட்ட வளைந்த கண்ணாடி ஒன்றை வனத்துறையினர் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். அந்தக் கருவிக்கு நாங்கள் எங்கே போவது? என் கைப்பையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆகச் சின்ன ஸ்டிக்கர் பொட்டுகளை, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை, மொத்தம் 25 ஒட்டினோம். கண்ணாடியை இடுப்பு உயரத்தில் சமமாகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். மேலே இருக்கிற கிளையும் வானமும் கண்ணாடியில் தெரியும். எத்தனை பொட்டு இலையின் மேல் விழுகிறது என்று எண்ணி, நாலால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். ஐம்பது அடிக்கு ஒரு தரம் நின்று எண்ண வேண்டும். ஒரே எச்சரிக்கை: கண்ணாடியில் சூரியனைப் பார்த்துவிடக் கூடாது. காலை இளம் வெயிலோ மேகமூட்டமோ உத்தமம். குற்றாலச் சாரலில் மேகமூட்டத்துக்கா பஞ்சம்!

தென்காசி வீதியில்

பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய கோவில். இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற, சுமார் 180 அடி உயரமுள்ள ராஜகோபுரம், இடிந்து கிடந்து பிறகு மீண்டும் எழும்பி 1990-ல் குடமுழுக்குக் கண்டது. கோபுர வாசலில் நுழைந்தால் காற்று ஆளைத் தள்ளும். மேற்கே மலைத்தொடரில் கணவாய் இருப்பதால் அந்த வழியே புகுந்து வருகிற காற்று.

காற்று உண்டு, நிழல்? தேரோடும் வீதிகளில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கடைக்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "என்னக்கா, கண்ணாடியில மை போட்டுப் பாக்கிதியளா?" என்று பூக்காரப் பெண் கேட்டே விட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் கோடியில ஒரு வேம்பு நிக்கி. மத்தியானம் நாங்க அங்ஙனதான் போய் உக்காருவோம்" என்றாள். பெரும்பாலான இடங்களில் கண்ணாடியில் தெரிந்தது வானமும் மின்கம்பியும் கடைப் பலகையும்தான். தேர் அசைந்து வருகிற வீதியில் நடுவில் கிளை நீட்ட முடியாது என்பதும் நியாயம்தான். ஆனால் தேர் வராத சந்துகளிலும் மரத்தைக் காணோமே! தென்காசி 2019 நவம்பர் 22 முதல் மாவட்டத் தலைநகர். வருகிற கட்டடங்கள் இன்னும் வரும். மரத்துக்கு இடம் இப்போதே ஒதுக்கினால்தான் உண்டு.

குற்றாலக் கடைத்தெருவில்

குற்றாலத்தில் மரமே தெய்வம். குற்றாலநாதர் கோவிலின் ஸ்தல விருட்சம் குறும்பலா. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் அந்தக் குறும்பலாவுக்கென்றே தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். மரத்துக்குத் தனிப்பாட்டு!

துணைக்கோள் படத்தில் குற்றால வட்டம் கரும்பச்சையாகத் தெரிகிறது. வட்டத்தில் ஒரு பகுதி மலையிலேயே ஏறிவிடுகிறதே! ஆனால் அருவிக்குப் போகிற கடைத்தெருவில் நின்று பார்த்தால், சீசனுக்குப் போட்ட தகரக் கொட்டகையும் நீலத் தார்ப்பாயும்தான் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றன. இருபது அடி தள்ளி மலையடிவாரத்துக்கு வந்தால் பொட்டு தெரியாமல் இலை. ஒருத்திக்கு இலை நிறையச் சாப்பாடு, இன்னொருத்திக்கு வெறும் இலை. சராசரி போட்டால் இரண்டு பேருக்கும் அரை வயிறு நிறைந்தது என்று கணக்கு வரும். சராசரியின் குணமே அதுதான்.

நம்ம ஊர்ப் பச்சை

இலஞ்சிக்கு வந்தோம். வட்டத்தைப் போட்டால் வீடுகளை விட வயலும் தோப்பும்தான் கண்ணில் படுகின்றன. என் கணவர் முகத்தில் வெற்றிக் களை. "நான்தான் சொன்னேனே!"

"அவசரப்படாதீங்க மாமா" என்றாள் பெண். ஆவணியில் துணைக்கோள் படம் எடுத்தால் இங்கே மேகம்தான் விழும். அதனால் வேறு இரண்டு மாதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஜனவரிப் படத்தில் பிசான நெல் நின்று வட்டமே பச்சைப் பட்டு. ஏப்ரல் படத்தில் அறுவடை முடிந்து பாதிப் பட்டு உருவிப்போய் மண் நிறம். நெல் பச்சை வரும், போகும். கோடையில் எது பச்சையாக நிற்கிறதோ அதுதான் மரம். ஆக, நமக்கு நிழல் தேவைப்படுகிற மாதத்தில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் ஊரின் பச்சையைப் பேச வேண்டும்.

சரி, ஏப்ரலிலும் பச்சையாக நிற்பது எது? பெரும்பாலும் தென்னை. தோப்புக்குள் கண்ணாடியைப் பிடித்தோம். கீற்றுக்குக் கீற்று நடுவே வானம் சிரிக்கிறது. தென்னை நமக்குக் காசு கொடுக்கும், இளநீர் கொடுக்கும், ஓலை கொடுக்கும். தலைக்குமேல் அடர்ந்த கூரை மட்டும் அதனிடம் கிடையாது. அடியில் உட்கார்ந்தால் தேங்காய் விழுமோ என்ற பயம் வேறு!

வீட்டு வாசலில்

கடைசியாக எங்கள் வீடு. புறவாசல் தென்னைகளுக்கு அடியில் 25 பொட்டில் எட்டு மறைந்தது. 32 சதவீதம். முன்வாசல் மகிழ மரத்தடியில் 23 பொட்டு. 92 சதவீதம்! என் கணவர் நம்பாமல் கண்ணாடியை வாங்கி இரண்டு தடவை எண்ணினார். அப்புறம் மதியம் மூன்று மணிக்கு வெயில் எட்டிப் பார்த்த நேரம், மரம் மறைக்கிற முன்சுவரில் ஒரு கையையும், மறைப்பு இல்லாத பக்கவாட்டுச் சுவரில் ஒரு கையையும் வைத்துப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தெருவிலும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை எண்ணிப் பார்த்தோம். பொட்டுகள் நிறைந்து மறைந்த இடம் எங்கள் வாசல் ஒன்றுதான். கீரைக்காரம்மா கூடையை இறக்குவது அங்கே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பது அங்கே. மரம் எங்கள் மனையில் நிற்கிறது. நிழலோ தெருவுக்கே பொது. விடிகாலையில் உதிர்கிற பூவைப் பொறுக்கிக் கோத்து, வாடின பிறகும் வாசம் போகாமல் வைத்துக்கொள்கிற பெண்கள் அந்தத் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகக் கன்று வைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. எல்லோரும் சொல்கிற சமாதானம்தானே இது! திருநெல்வேலி-தென்காசி சாலையை நாலுவழிச் சாலையாக அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்கள் போயின. சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் அகலத்துக்குக் கிளை விரித்த ஒரு மரத்தின் நிழலை, ஒரு மீட்டர் அகலமுள்ள கன்றுகளால் ஈடுகட்ட வேண்டுமானால் பத்துக் கன்று போதாது. அகலம் பத்தில் ஒன்றானால் பரப்பு நூறில் ஒன்றாகிவிடும். நூறு கன்று வேண்டும்! தமிழக அரசு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்து வருஷத்தில் 33 சதவீதமாக்குவது என்று குறிக்கோள் வைத்திருக்கிறது. கன்று நடுவது நல்ல காரியம். நிற்கிற மரத்தைக் காப்பாற்றுவது அதைவிடச் சீக்கிரம் பலன் தருகிற காரியம்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மகிழ மரம் நிற்கிறது. அறை புறவாசலுக்குப் போனது. அதற்காக இரண்டு தென்னையை எடுக்க வேண்டும். ஒன்று காய்ப்பு ஓய்ந்தது, மற்றது நல்ல காய்ப்பு. அது நாத்தனாருக்கு வருமான நஷ்டம்தான். புறவாசலில் இருக்கிற இடத்துக்கு இரண்டு அறையும் அடங்காது. ஓர் அறையும் குளியலறையும்தான். ஆகவே என் தனி அடுக்களை போயிற்று! ஒரே அடுக்களையில் இரண்டு பெண்கள் என்றால் சும்மாவா? எனக்கு மனசுக்குள் கொஞ்சம் உறுத்தல் இருக்கத்தான் செய்தது. நாத்தனாரிடம் சொன்னேன். "அடுப்பு ஒண்ணா இருந்தா என்ன மதினி? சொதியை நீங்க வையுங்க, அவியலை நான் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தாள். எப்படிப் போகிறது என்று அங்கே போய் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மரமும் உடம்பும்

மரம் வெறும் அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இன்றைக்கும் பேசப்படுகிறது. பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 நோயாளிகளின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலிக்குக் கடுமையான மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நகரத்து மரங்களைப் பற்றி ஆராய்கிற நெதர்லாந்துக்காரர் செசில் கோனைன்டைக் 2021-ல் ஒரு சுலபமான விதி சொன்னார்: 3, 30, 300. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். குடியிருக்கிற பேட்டையில் 30 சதவீதமாவது கிளை கவிந்திருக்க வேண்டும். 300 மீட்டர் நடந்தால் ஒரு பூங்காவோ பசுமையான இடமோ இருக்க வேண்டும்.

எங்கள் மாம்பலம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். நடேசன் பூங்கா நடக்கிற தூரத்தில் இருக்கிறது, அதில் பாஸ். ஆனால் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் தெரிவது அடுத்த பிளாட்டின் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான், அதில் பெயில்! இத்தனை வருஷம் நாளில் பாதி நேரம் நான் நின்றது அந்த ஜன்னலுக்கு எதிரில்தான்.

நீங்களும் அளக்கலாம்

1. கைக்கண்ணாடியில் 25 சின்னப் பொட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு, பென்சில் போதும்.

2. உங்கள் வாசலிலிருந்து குழந்தையின் பள்ளிக்கூடம் வரை, அல்லது மார்க்கெட் வரை, தினம் நடக்கிற பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது அடிக்கு ஒரு தரம் நின்று எண்ணி எழுதுங்கள்.

3. மறைந்த பொட்டுகளைக் கூட்டி, நின்ற இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, நாலால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் தெருவின் நிழல் சதவீதம்.

4. சராசரியோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பொட்டுகூட மறையாத இடம் எது என்று தனியாகக் குறியுங்கள். அடுத்த கன்றை அங்கேதான் வைக்க வேண்டும்.

5. அடுத்த வருஷம் அதே மாதம், அதே பாதையில் மறுபடி அளந்து பாருங்கள். பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ மனு கொடுப்பதென்றால், "எங்கள் தெருவில் மரம் குறைவு" என்று எழுதுவதைவிட, இந்தக் கணக்கை எழுதினால் எடுபடும்.

இலஞ்சிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து செங்கோட்டை போகிற பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம். அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான், இலஞ்சி நடுவழியில். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலம். அருவியில் கூட்டம் அதிகமிருந்தால் கவலைப்படாமல் குமரன் கோவிலுக்கு வந்து சிற்றாற்றங்கரைப் பக்கம் காலாற நடந்து வாருங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் கண்ணாடியும் ஓர் அட்டைப் பொட்டும் இருக்கட்டும்.